ரத்தத்தைத் தண்ணீராக்கும் மாத்திரை

மருந்துக் கடைக்காரன் மாத்திரையை ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவான். அது எதற்கென்பதை வாங்குபவரின் மனத்தில் இறக்கிவைக்கத்தான் மாதக்கணக்காகும். ஹட்டனில் என்னைப் போலக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று தொண்டை வறளும் நண்பர்களே, இதை நீங்கள் அறியாதவர்களல்லர்.

கானும் தேத்தண்ணியும்

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் லெட்சுமி அம்மாவுக்குச் சிறு பக்கவாதம் வந்தது. வாய் கோணி, பேச்சற்றுப் போய், இரண்டு நாளில் தேறினார். ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பின்னர் இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கண்டு, அதை நிறுத்தி வேறொன்றுக்கு மாற்றினார்கள். அந்தச் சீட்டோடு கணவர் பெருமாளையும் அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“ரத்தத்தத் தண்ணியாக்குற மாத்திரையாமே?” என்று கேட்டார். தேயிலை மலையில் மண் அடைத்த கான் என்னும் வடிகால் மழைநீரைத் தடுப்பதுபோல, உறைந்த ரத்தம் மூளைக்குப் போகும் வழியை அடைத்துவிடும். அப்படி உறையாமல் காப்பதே இம்மருந்தின் கடமை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தேத்தண்ணியே தண்ணியா இருந்தா நாங்க குடிக்க மாட்டோம்ங்க ஐயா. ரத்தத்தப் போயி தண்ணியாக்குறீங்களே!”

அட்டைக் கடி

மழைக்காலம் வந்தது. ஒரு பகலில் கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றார். காலையில் அட்டை கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் நிற்கவில்லை. அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு விசாரித்தேன். புதிய மாத்திரையோடு பழையதையும் விழுங்கிவந்திருக்கிறார்! மிச்சமிருந்ததை வீசினால் பாவமாம். மாத்திரைக்கு இரங்கும் நெஞ்சம் தன் உடம்புக்கும் இரங்க வேண்டாமா?

உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பழையதை அறவே விட்டுவிட்டுப் புதியதை மட்டும் தொடரச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது, “ஒரு மலையில் வேலை வாங்க இரண்டு கங்காணி எதற்கம்மா?” என்றேன். பெருமாள் முந்திக்கொண்டார்: “கொழுந்து ஒன்னும் கூடிறாதுங்க ஐயா. சத்தந்தான் கூடும்!”

கடையில் போன மானம்

அடுத்த வாரம் பெருமாள் அவரை இழுக்காத குறையாக அழைத்துவந்தார். அட்டைக்கு அஞ்சி, லெட்சுமி அம்மா புதிய மாத்திரையையும் நிறுத்தியிருந்தார். “மலையில அட்டை இல்லாத எடம் ஏதுங்க? இருக்குற ரத்தமும் போயிரும். எனக்கு வேணாம்” என்றார்.

கடிவாயில் கசியும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். மறுமுறை மூளையில் அடைத்தால் பேச்சு திரும்பாமலே போகலாம் என்று எடுத்துரைத்தேன். கண்ணுக்குத் தெரியும் சிறு துன்பத்துக்கு அஞ்சி, தெரியாத பெருந்துன்பத்துக்குக் கதவைத் திறந்து வைக்காதீர்கள் என்றும் மன்றாடினேன். அவர் அசையவில்லை.

வாசலைப் பார்த்தபடி நின்ற பெருமாள் மெதுவாகச் சொன்னார்: “வாய் கோணுனப்ப ரெண்டு நாளு இவ பேசலைங்க.”

“ஒங்களுக்கு நிம்மதியா இருந்திருக்குமே!” என்று வெடுக்கென்றார் லெட்சுமி அம்மா.

“லயத்து வீடுங்க எல்லாமே அமைதியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் சோறு எறங்கல.”

லெட்சுமி அம்மா பையைத் துழாவிப் புதிய மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கணவரைப் பார்த்து முறைத்தார்: “சரி சரி, கடையில வச்சு மானத்த வாங்காதீங்க.”

மருந்து விற்கும் அனுமதிப்பத்திரம் என் கடைச் சுவரில் தொங்குகிறது, நண்பர்களே. அந்த மருந்தை விழுங்கவைக்கும் அனுமதிப்பத்திரம் மட்டும் பெருமாளிடம் இருக்கிறது.