முன்படுக்கையில் ஈரம்

பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவள் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். தகடு வெட்டுகிறவர், திருகு முடுக்குகிறவர், சாயம் அடிக்கிறவர் என்று எல்லோரும் தங்கள் கைவரிசையைக் காட்டி முடித்த பிறகு, "எங்கேயாவது ஒழுகுதான்னு பாரு" என்று கடைசியாக அவளைக் கூரைமேல் ஏற்றிவிடுவார்கள். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்? பட்டறையை இழுத்து மூடிய அன்று மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அவள் ஓர் ஏணியையும் ஊதுவிசிறியையும் வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டிகளின் கூரை ஒழுக்கைப் பிடிப்பதுதான் அவள் தொழில்.

வண்டியின் சன்னல், கதவு இடுக்குகளை எல்லாம் ஒட்டுநாடாவால் அடைப்பாள். விசிறியை வைத்து உள்ளே காற்றை ஏற்றுவாள். பிறகு கூரைமேல் ஏறிச் சோப்புத் தண்ணீரைத் தடவினால், எங்கே பொத்தலோ அங்கே காற்று கிளம்பிக் குமிழியிடும். அதனால் ஊருக்கெல்லாம் அவள் குமிழி அக்கா. உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் முதலில் உள்கூரையைத்தான் பார்ப்பாள். வீட்டுக்காரர்களை அப்புறம்தான் விசாரிப்பாள்.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால், வண்டி வாசலில் நிற்கிறது. வாத்தியார் கையில் சுருட்டிய தாள்களோடு நிற்கிறார்.

"எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே எத்தனை சொட்டு விழுந்ததுன்னு எல்லாமே வரைபடமா போட்டு வச்சிருக்கேன்மா. நீங்க இதைப் படிச்சாலே போதும், ஏறக்கூட வேண்டாம்."

"படிக்கிறேன் சார். அதுக்கு முன்னால ஒருதடவை ஏறிட்டு வந்துடறேனே."

ஒழுக்கு இரண்டு இடத்தில் என்றார் வாத்தியார். ஒன்று அடுப்புக்கு மேலே. இன்னொன்று ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, பரண் மாதிரி இருக்கும் முன்படுக்கையில். அடுத்த வாரம் இருபது நாள் பயணம். வாத்தியாரின் அக்காவும் கூட வருகிறார். அந்த முன்படுக்கை அவருக்கென்று ஒதுக்கியது. வாத்தியாரின் மனைவி பக்கத்தில் நின்று, "பாவம் அண்ணி, ஈரத்துல எப்படிப் படுப்பாங்க" என்று உச்சுக் கொட்டினார்.

குமிழி அக்கா விசிறியை ஓடவிட்டுக் கூரைமேல் ஏறினாள். அடுப்புக்கு நேர் மேலே ஒன்றுமில்லை. ஒன்றரை முழம் தள்ளி, வெளிச்சத்துக்காக வைத்திருந்த கூரைச் சன்னலின் ஓரத்தில், குழந்தை எச்சில் விடுவதுபோல் புசுபுசுவென்று குமிழி கிளம்பியது. அந்த ஓரம் முழுக்க வெள்ளைப் பசை தோசை மாவு கணக்காய் அப்பிக் கிடந்தது.

"இதை யார் சார் பூசினது?"

"நானேதான். மூணு தடவை!" என்றார் வாத்தியார், கீழே இருந்தபடி, பரிசு வாங்கப் போகிறவர் போல.

"பழைய பசையைச் சுரண்டாம மேலேயே பூசியிருக்கீங்க. தண்ணி உள்ள வர்ற வழி அப்படியே இருக்கு. அது வெளியே போற வழியைத்தான் நீங்க அடைச்சிருக்கீங்க."

வாத்தியார் தாள்களை இன்னும் இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டார். அவர் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அவள் பழைய பசையை எல்லாம் சுரண்டி, துருப்பிடித்த நான்கு திருகுகளை மாற்றி, துடைத்துக் காயவைத்து, ரப்பர் பட்டை போட்டுப் புதுப் பசையை இழுத்தாள். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழிகூட இல்லை.

பிறகு முன்பக்கம் போனாள். அங்குலம் அங்குலமாகத் தடவினாள். ஊஹும், கூரை கல்லு மாதிரி இருந்தது. கீழே இறங்கி முன்படுக்கையில் தவழ்ந்து ஏறிப் பார்த்தாள். மெத்தை ஈரம். ஆனால் அதற்கு மேலே உள்ள பலகையில் கறையும் இல்லை, ஈரமும் இல்லை. மழை பெய்தே ஒன்பது நாள் ஆகிறது. மெத்தையில் ஈரம் பொட்டுப் பொட்டாக, அளந்து தெளித்தது போல இருந்தது. நடுவே கடுகளவு செம்மண்ணும் துளசி இலை ஒன்றும் ஒட்டியிருந்தன.

மழைக்குத் துளசி பறிக்கத் தெரியாது. அவள் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வீட்டு வாசலில் பூந்தொட்டிகள், நடுவே துளசி. அவற்றின் பக்கத்தில் பச்சை நிறப் பூவாளி.

வாத்தியாரின் மனைவி தேநீரோடு வண்டிக்குள் வந்தார். குமிழி அக்கா துளசி இலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த அம்மா இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இருபது நாள்மா! போன வருஷம் மூணு நாளைக்கே அண்ணி, நான் வெங்காயம் நறுக்கறது சரியில்ல, துணி மடிக்கிறது சரியில்ல, தும்மறதுகூடச் சரியில்லன்னாங்க" என்றார்.

"அதுக்காகப் படுக்கைக்குத் தண்ணி ஊத்துவீங்களா?"

"செடிக்கு ஊத்தினது போக மிச்சம்தான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தொழிலில் ஒரு வீம்பு உண்டு அவளுக்கு: இல்லாத ஒழுக்கை இருக்கிறது என்று இதுவரை சொன்னதில்லை. யோசித்தபடியே இறங்கி வந்தாள்.

"சார், அடுப்புக்கு மேலே சரியாயிடுச்சு. முன்பக்கம் கூரையில பொத்தலே இல்ல."

"பின்னே ஈரம் எப்படி வந்தது?"

"ஈரத்துக்குக் கூரை மட்டுமா காரணம்? வீட்டு ஆளுங்களாலயும் வரும். ராத்திரி முழுக்கச் சன்னலை மூடிட்டுப் படுத்தா ஒவ்வொருத்தர் மூச்சுலேயும் கால் லிட்டருக்குக் குறையாம தண்ணி போகும். அது பலகையில பட்டு வேர்க்கும்."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாத்தியார் பென்சிலை எடுத்துவிட்டார். மூன்று பேர், இருபது இரவு என்று பெருக்கினார். "பதினஞ்சு லிட்டர்!" என்று அலறினார். "ஒரு குடம்! இந்தச் சின்ன வண்டிக்குள்ளயா?" கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "ரெண்டு பேர்னா பத்துதான். அக்காகிட்ட நானே பேசிக்கிறேன். கணக்குன்னா அவளுக்குப் புரியும்."

அவர் மனைவி, "ஐயோ, அண்ணி வருத்தப்படுவாங்களே" என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.

நாலு நாள் கழித்து, வேறொரு வண்டியின் கூரைமேல் குமிழி அக்கா மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கணீரென்று ஒரு பெண்குரல்.

"நான் வாத்தியாரோட அக்கா பேசறேன். மூணு பேர் படுத்தா வண்டி வேர்க்கும்னு சொன்னது நீதானா?"

அவள் கையிலிருந்த துணியைச் சோப்பு வாளிக்குள் போட்டாள். "ஆமாம்மா, வந்து..."

"நீ நல்லா இருக்கணும்! போற வழியெல்லாம் மைல்கல்லைக் கூட்டு, கழி, வகுன்னு என் உசிரை எடுப்பான். வரலைன்னு சொன்னா தம்பி மனசு நோகும். அவன் பொண்டாட்டியைக் குறை சொல்லிச் சொல்லியாவது, 'இனிமே கூட்டிட்டுப் போகாதீங்க'ன்னு சொல்ல வைக்கலாம்னு பார்த்தேன். அவளோ வாயைத் திறக்கவே மாட்டேங்கறா, அவ்வளவு நல்லவ!"

குமிழி அக்கா அடக்கவே முடியாமல் குலுங்கிச் சிரித்ததில் முழங்கால் இடித்து வாளி சாய்ந்தது. சோப்புத் தண்ணீர் முழுவதும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற வண்டிக்காரர் தலையில் இறங்கியது.

"என்னம்மா, ஒழுக்கு கிடைச்சுதா?" என்றார் அவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு.