ஆதம்பாக்கத்தில் அப்பா பார்த்த வேவு

நேற்று மந்தைவெளி பஸ் நிலையத்தருகே ஒருவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நினைவில் வந்து நின்றுவிட்டார். என் பஸ் போய்விட்டது. போகட்டும், அடுத்தது வராமலா போகும்?

அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் ராணுவத்துக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்குத்தான் தெரியாது. அம்மா, நான், தம்பி என்று மூன்றே பேர் கொண்ட பட்டாளம். காலை ஐந்தரைக்கு விசில். போர்வையை மூலைக்கு மூலை சரியாக மடிக்காவிட்டால் காபி கிடையாது. காபி போடுகிறவள் அம்மா என்பதால் அவளிடம் மட்டும் அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒருவரைப் பிடித்துப்போயிற்று. வேறு சாதி. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் வீட்டில் சொன்னேன். அப்பா முடியாது என்றால் முடியாதுதான். அவரை மீறிப் போகத் தைரியமும் இல்லை, இவரை விட மனசும் இல்லை.

அப்பா கத்தவில்லை. "பையன் வூடு எங்க?" என்றார்.

"ஆதம்பாக்கம்பா."

"பாத்துட்டுச் சொல்றேன்."

"நேராப் போயிப் பேசுங்களேன்," என்றாள் அம்மா.

"நேராப் போனா எல்லாரும் நல்லவன்தான்டி. நாம வந்தது தெரியாமப் பாக்கணும்."

எதிரி முகாமை வேவு பார்க்கிற அதே முறை. மூன்று நாள் சாயங்காலம் போய், இவர் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் பேப்பரை விரித்துக்கொண்டு நின்றாராம். நானும் அம்மாவும் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்போம். முதல் இரண்டு நாளும் அப்பா திரும்பி வந்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

மறைந்து நின்றாராம்! அந்த முறுக்கு மீசை, புழுதித் தெருவில் முகம் தெரிகிற பளபள ஷூ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். முதல் நாளே டீக்கடைக்காரர் கேட்டிருக்கிறார், "இன்னா சார், மிலிட்டரியா? பொண்ணு வூடா?" இரண்டாம் நாள் தெருவுக்கே தெரியும். தெரியாதது அப்பாவுக்கு மட்டும்தான்.

மூன்றாம் நாள் நல்ல மழை. எதிர்வீட்டிலிருந்து இவருடைய அம்மா, இவரையும் கூட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து, "சம்பந்தி, மூணு நாளா நின்னுக்கினே கீறீங்க. உள்ள வாங்க, சூடா தோசை ஊத்தறேன்," என்றாராம்.

சொட்டச் சொட்ட வீடு வந்த அப்பா ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "மாட்டிக்கினேன்," என்றார். நான் துண்டை நீட்டினேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார், "ஒரே குடை. அத அம்மா மேலயே புடிச்சிக்கினு வந்தான். அவன் தொப்பலா நனைஞ்சிட்டான். போதும், கட்டிக்க."

நான் அழுத அழுகையில் தம்பி எழுந்து வந்துவிட்டான்.

பிறகு சாகிற வரைக்கும் அந்த வேவைப் பெரிய வெற்றி என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாங்களும் மறுத்துப் பேசியதில்லை.

டீக்கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். எனக்கு வரப்போகிறவன் நல்லவனா என்று கால் கடுக்கத் தெருவில் நின்ற மனிதர். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.