சுக்கு யாரைப் பார்த்தது

ஆம்பூரில் பாலாற்றங்கரையோரம் அதாவுல்லா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் காவலுக்கு இருந்தவர் ஆதிகேசவன். மனைவி முனியம்மா காலராவில் போன பிறகு ஷாப்பு வாசலிலேயே குடிசை போட்டுக்கொண்டார். கூட இருந்தது சுக்கு என்கிற பெட்டை நாய். குட்டியாக இருந்தபோது முனியம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்தது. சாயபுவுக்கும் இரண்டு நாய்கள் இருந்தன. ஆனால் ஆதிகேசவன் சோறு பிசைந்து ஊட்டியது சுக்குவுக்கு மட்டும்தான்.

1932இல் ஏலகிரி அடிவாரத்தில் வெறிநரி திரிவதாகப் பேச்சு எழுந்தது. சாயபு மாட்டாஸ்பத்திரி டாக்டர் ராமலிங்கத்தை வரவழைத்துத் தன் நாய்களுக்கு ஊசி போடவைத்தார். சுக்குவின் முறை வந்தபோது ஆதிகேசவன் அதை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"இதுக்கு இன்னா நோவு டாக்டரய்யா? நல்லாத்தானே இருக்குது."

"நோவு வராம இருக்கத்தான்பா ஊசி."

"வந்தா பாத்துக்கலாம். ஊசி போட்டா மோப்பம் பூடும்னு சொல்றாங்க."

ராமலிங்கம் வற்புறுத்தவில்லை. மாட்டுக்கு ஊசி போடவே ஊர்ஊராகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, நாய்க்கும் கெஞ்சுவதா என்று அலுப்பு. "உன் இஷ்டம்" என்று பையை மூடினார்.

மழைக்காலத்தில் ஒருநாள் விடிகாலை, ஒரு நரி வேலிக்குள் புகுந்து மூன்று நாய்களையும் கடித்துவிட்டு ஓடியது. ஆதிகேசவன் சுக்குவின் காதில் மஞ்சள் அப்பினார். காயம் ஆறியது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் சுக்குவின் குரல் மாறிற்று. குரைப்பாக ஆரம்பித்து ஊளையாக இழுபட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு மத்தியானம், தோல் காயப்போடும் கொட்டகை வாசலில் அசையாமல் உட்கார்ந்து உள்ளே பார்த்தது. வரிசையாகத் தொங்கிய ஆட்டுத்தோல்களைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. திடீரென்று காற்றை எட்டிக் கடித்தது. வாலை ஒருமுறை ஆட்டியது. மறுபடியும் பார்த்தது.

அந்த மூலையில்தான் முனியம்மா உட்கார்ந்து தோல் பிரித்துப்போடுவாள். ஆதிகேசவன் ஓரடி உள்ளே எடுத்து வைத்தார்.

"முனியம்மா?" என்றார் மெதுவாக.

தோல்கள் காற்றில் லேசாக ஆடின. சுக்கு தலையைத் திருப்பவே இல்லை.

அன்றிலிருந்து அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அது பார்க்கும் பக்கம் பார்த்தார். வேலையாட்கள் அந்தக் கொட்டகைக்குள் தனியாகப் போகப் பயந்தார்கள். சுக்கு சோறு தொடவில்லை. தாடை தொங்கி எச்சில் ஒழுகியது. எலும்பு சிக்கியிருக்கும் என்று ஆதிகேசவன் வாய்க்குள் கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. பல் கீறியதுதான் மிச்சம்.

சாயபு ஆளனுப்ப, ராமலிங்கம் வந்தார். தொலைவிலிருந்தே நாயைப் பார்த்து நின்றுவிட்டார்.

"வாயில கைய வுட்டியா?"

"ஆமாங்கய்யா. எலும்பு மாட்டிக்கினு இருக்கும்னு..."

"எலும்பு இல்லப்பா. வெறி. அது எதையும் பாக்கல. மூள கெட்டுப்போச்சு."

"இல்லீங்கய்யா, பாக்குது. நான் கூடவே இருந்தேன்."

சுக்குவைச் சுட்டார்கள். வெடிச்சத்தம் கேட்டபோது ஆதிகேசவன் கொட்டகை மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமலிங்கமே அவரை வேலூருக்கு ரயிலில் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தினமும் வயிற்றில் ஊசி. ஒருநாள் பார்க்கப் போனபோது ஆதிகேசவன் கேட்டார்:

"நான் அன்னிக்கே ஊசி போட வுட்டிருந்தா சுக்கு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும். நரி கடிச்சதுன்னு நீ சொன்ன மத்த ரெண்டும் நல்லா இருக்குதே. நானும் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கணும்."

ஆதிகேசவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஊசி போடாம வுட்டிருந்தா... எனக்கும் அவ தெரிஞ்சிருப்பாளா, அய்யா?"

ராமலிங்கம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

ஆதிகேசவன் பிழைத்துத் திரும்பினார். இன்னொரு குட்டி வளர்த்தார். அது கொஞ்சம் வளர்ந்ததும் தானே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டார். அதன் பிறகு ரொம்ப வருஷம் உயிரோடு இருந்தார். ஆனால் காலையில் எழுந்ததும் செம்பில் தண்ணீர் மொண்டு கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்ப்பார். வெறி கண்டவர்களுக்கு ஆவதுபோல் தண்ணீரைக் கண்டதும் தொண்டை அடைக்கிறதா என்று பார்ப்பது போலிருக்கும். பிறகுதான் குடிப்பார்.