இரண்டாவது ஆபரேஷன்

என் கணவர் பரணிலிருந்து மூச்சு மிஷினை இறக்கிய அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"யாரைக் கேட்டு இதை எடுத்தீங்க?" என்றேன். அவர் குழாயில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கல்லூரிக்குப் போகும் எங்கள் மகள்தான் தன் அறையிலிருந்து குரல் கொடுத்தாள். "மம்மி, நீ மறுபடி குறட்டை விடற. நெக்ஸ்ட் டோர் ஆன்ட்டிக்கே கேக்குதாம்."

அந்த மிஷினை விட்டொழிக்கத்தான் நான் வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டேன். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும்; அதற்காக இரவெல்லாம் முகத்தில் மாட்டிக்கொள்வது அது. எடையைக் குறைக்காவிட்டால் என்றாவது நின்ற மூச்சு நின்றதாகவே போய்விடலாம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். சர்க்கரை, முட்டிவலி எல்லாம் அந்தப் பயத்துக்கு அடுத்தபடிதான். ஆபரேஷன் ஆன முதல் வருடம் எடை இறங்கிய வேகத்தில் மிஷின் பரணுக்குப் போனது. ஆபீசில் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன். இரண்டாம் வருடம் எடை நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாம் வருடம் சத்தமில்லாமல் ஏற ஆரம்பித்தது, குறட்டையையும் கூட்டிக்கொண்டு.

ஆபரேஷன் ஃபெயில் என்று எங்கள் குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பு சொன்னவர் என் கணவரின் அண்ணன். ஊரின் மறுகோடியில் குகட்பள்ளியில் இருக்கிறார். அவருடைய ஹவுசிங் போர்டு காலனியில் யாருக்கு எந்த டாக்டர் என்று முடிவு செய்யும் பொறுப்பை யாரும் கொடுக்காமலேயே எடுத்துக்கொண்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் சைனிக்புரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"மொதல்ல பண்ணவன் சரியா பண்ணலம்மா. வயிறு திரும்ப விரிஞ்சிடுச்சு. நான் சொல்ற ஆஸ்பத்திரியில குடலையே மாத்தி வச்சுத் தச்சிடறாங்க. அப்புறம் நீ என்ன சாப்பிட்டாலும் ஒடம்புல ஒட்டாது."

"ரிஸ்க் இல்லையா மாமா?" என்றேன்.

"ரிஸ்க் எதுலதான் இல்ல? அங்க தேதி சொல்லிட்டேன். அட்மிட் ஆயிடு."

நான் மறுக்கவில்லை. என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது என்பது காதில் தேனாகப் பாய்ந்தது. முதல் ஆபரேஷனுக்கும் நான் அந்த ஆசையோடுதான் போயிருந்தேன். அதற்கு முன்னால் எங்களையெல்லாம் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். பசி திரும்பும், எடையிலும் கொஞ்சம் திரும்பும், தோல் தொங்கும், நாங்கள் செய்வது பாதி வேலைதான், மீதி உங்களுடையது என்று சர்ஜன் படித்துப் படித்துச் சொன்னார். ஆபீசில் மேலதிகாரி பேசும்போது ஆட்டுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் நான் ஒல்லியாக நிற்கும் என் கல்யாணப் போட்டோ ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன பயமுறுத்தல்கள் எல்லாம் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் கம்பெனியில் ஆடிட் பிரிவில் இருக்கிறேன். ஒரு கையெழுத்து தள்ளி விழுந்திருந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பி நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டவள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்றார்கள். விக்கல் வந்து கண் பிதுங்கினாலும் நான் டம்ளரைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டுப் பந்திகளில்கூட என் பக்கத்துத் தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் வீட்டில் சமையல் என் கணவருடையது. வேலூர்க்காரர். ராணுவ சிக்னல் பிரிவிலிருந்து ரிடயர் ஆகி வந்ததும், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குக் கரண்டி பிடிக்கத் தெரியவில்லை என்று அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டார். அவர் ரசம் எங்கள் தெருவில் பிரசித்தம். மிளகையும் சீரகத்தையும் நுணுக்கி, பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு, நுரை கூடும்போது இறக்கிவிடுவார். ஆபரேஷன் முடிந்த புதிதில் வெறும் திரவம்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அதையே துணியில் வடிகட்டி எனக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். பிறகு திட உணவுக்கு மாறியதும் எதைச் சாப்பிட்டாலும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. அப்போதும் ரசம்தான் கைகொடுத்தது. சோற்றில் விட்டுக் கரைத்துப் பிசைந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதற்குப் பின்னால் மோர் விட்டுக் கொஞ்சம். சாப்பாடு என்றால் எங்களுக்கு அந்த வரிசைதானே.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் பழைய ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வது என்றும், அப்படியே அந்த சர்ஜனை நாலு கேள்வி கேட்பது என்றும் என் கணவர் முடிவு செய்தார். வழியெல்லாம் கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கையில் டிபன் கேரியர். எங்கே போனாலும் கட்டுச்சாதம் இல்லாமல் கிளம்பாத ராணுவப் பழக்கம்.

வெள்ளையாக எதையோ குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். சர்ஜன் அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். "வயிறு நான் விட்ட அளவுலயேதான் இருக்கு. விரியல, ஓட்டை இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். என் கணவர் நாலு கேள்வியையும் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவசியப்படுகிறவர்களுக்கு இரண்டாவது ஆபரேஷனும் செய்வதுண்டு, ஆனால் வயிறு நன்றாக இருக்கும்போது எதற்கு என்று தெரியாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, எங்களை டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

அது ஒரு தெலுங்குப் பெண். மதியச் சாப்பாட்டு நேரம். கேரியரைப் பார்த்ததும், "இங்கேயே சாப்பிடுங்க மேடம், நான் பாக்கறேன்" என்று தெலுங்கில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பரீட்சை என்றால் பரீட்சை. மூடியில் கொஞ்சம் சோறு, பீன்ஸ் பொரியல் கொஞ்சம். கேரியரிலிருந்த இன்னொரு கிண்ணத்தைச் சோற்றில் கவிழ்த்து, பருக்கை மிதக்கும்படி பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

"இது என்ன மேடம்?"

"ரசம். உங்க தெலுங்குல சாரு."

"அடுத்து?"

"மோர்."

"சாப்பிடும்போது தண்ணி குடிப்பீங்களா?"

"தொடவே மாட்டேன்!" என்றேன். வராந்தாவரை கேட்டிருக்கும். சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் ரசம் வழிந்துகொண்டிருந்தது. கிண்ணம் காலி. அந்தப் பெண் சிரிக்கவில்லை. மூன்று வருடமாக நான் டம்ளரைத் தொடாமல் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவள் விளக்கினாள். சாப்பாட்டைச் சின்ன வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கவைப்பதுதான் அந்த ஆபரேஷன் செய்யும் உதவி. நான் அதை ஒவ்வொரு வேளையும் ரசம் விட்டுக் கழுவி அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் ஆபீசில் சாப்பிட்டு முடித்துப் பேனாவைத் திறப்பதற்குள் பசித்தது. டீ வரும்போது தொட்டுக்கொள்ள பிஸ்கட், மேஜை டிராயரில் முறுக்கு. அந்தப் பசியைத்தான் ஆபரேஷன் ஃபெயில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள், தன் வீட்டிலும் தினமும் சாருதான் என்று ஆறுதலாகச் சொன்னாள்.

எனக்கு ஆறுதலாக இல்லை, ஆத்திரமாக இருந்தது. ரசமும் தண்ணீர்தான் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கேட்டும்விட்டேன். சொல்லியிருக்கணும் மேடம், சாரி என்றாள். அதற்கு மேல் அவளிடம் சண்டை போட ஒன்றுமில்லை. அவர்கள் சொல்லியிருக்கலாம்தான். அதற்காக என் பந்திக்கெல்லாம் ஆஸ்பத்திரி கூடவே வந்து உட்காருமா? சாப்பிடுகிற கை என்னுடையது.

திரும்பும்போது செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கம் வண்டிகள் நகரவில்லை. என் கணவர் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே, "எதுக்கும் அண்ணன் சொன்னதையும் யோசிக்கலாம்" என்றார்.

"நக்கோ" என்றேன்.

தமிழில் நான் வேண்டாம் என்றால் அவர் பேசிப் பார்ப்பார். இந்த ஊர் உருதுவில் நக்கோ என்றால் பேச்சு முடிந்தது என்று இத்தனை வருட வாழ்க்கையில் தெரிந்துவைத்திருக்கிறார். அன்று மட்டும் விடவில்லை. "தேதி இருக்கட்டும். கேன்சல் பண்ண வேணாம்" என்றார். சரி, அதுவரை என் வழி என்று நானும் விட்டுவிட்டேன்.

என் வழி சுலபமாக இல்லை. முதலில் முட்டையோ சுண்டலோ பனீரோ, நன்றாக மென்று. அதற்குப் பிறகு இடம் இருந்தால் பொரியலோடு இரண்டு வாய் சோறு. ரசம் இல்லை, மோர் இல்லை. முதல் நாட்களில் அரை முட்டை நெஞ்சில் கல்லாக நின்று, கண்ணில் நீர் வர, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவசரப்படாமல் மென்றால் நிற்காது என்று தெரிய நாளாயிற்று. அத்தனை வருடம் நான் மென்றதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எனக்காக ரசம் வைப்பதையே நிறுத்திவிடுவதாக என் கணவர் சொன்னார். "உங்க ரெண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டு நான் இளைக்க வேணாம். வைங்க. எனக்கு சாயங்காலம் டம்ளர்ல குடுங்க, தனியா குடிக்கிறேன்" என்றேன்.

"ரசத்தை டீ மாதிரியா குடிப்பாங்க?" என்றார். முகம் சுண்டிப்போனது. சோற்றில் விட்டுப் பிசையாத ரசம் அவருக்கு அவமானம்.

தினமும் ஜெயித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆபீசில் ஒரு பிரிவுபசார விழாவில் சமோசாக்கள் உள்ளே போனது எனக்கே தெரியாது என்று சொல்ல ஆசைதான், நன்றாகத் தெரியும். மறுநாள் காலை எழுந்து எங்கள் காலனித் தெருக்களை வழக்கம்போல் சுற்றி வந்தேன். மூச்சு மிஷினையும் நானே தினமும் மாட்டிக்கொண்டேன். ஆரம்பத்தில் தோற்றுப்போன மாதிரி இருந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வது போல ஆகிவிட்டது. எடை முதலில் அசையவில்லை, பிறகு மனமில்லாமல் இறங்கியது. முதல் வருடத்து வேகம் இனி வராது. கல்யாணப் போட்டோவில் இருப்பவளும் வர மாட்டாள். அதில் அவள் கட்டியிருந்த புடவையை மகளிடம் கொடுத்துவிட்டேன். நான் குண்டுதான். படியேறுகிற குண்டு. எனக்கு அது போதும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது, செய்தேன்.

ஒரு ஞாயிறு காலை, அவர் அண்ணன் சொன்ன அந்த இன்னொரு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அட்மிஷனை உறுதி செய்ய வேண்டுமாம். என் கணவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"வேண்டாங்க. கேன்சல் பண்ணிடுங்க" என்றேன்.

"காரணம் சொல்ல முடியுமா மேடம்?"

"மொதல் ஆபரேஷனையே நான் இப்பதான் உபயோகிக்க ஆரம்பிச்சிருக்கேன்."

போனை வைத்ததும் என் கணவர் கத்தினார். வீட்டில் கத்துகிறவள் நான்தான். அவர் கத்தியதை நான் பார்த்ததில்லை. "உனக்கென்ன, நீ தூங்கிடுவ! மிஷின் நழுவி மூச்சு நின்னா திரும்ப வர வரைக்கும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு உக்காந்திருக்கறது யாரு? இத்தனை வருஷமா யாரு? நீ இளைச்ச அந்த ஒரு வருஷந்தான் நான் தூங்கினேன். மறுபடி என்னால முடியாது."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர் சீக்கிரம் எழுந்துவிடுவதை ராணுவப் பழக்கம் என்று நானும் மகளும் கேலி செய்துகொண்டிருந்தோம். அழுகை வந்தது. இனி எடை ஏறவே ஏறாது, நீங்கள் பயப்படவே வேண்டாம் என்று வாக்குக் கொடுக்க வாய்வரை வந்தது. கொடுக்கவில்லை. எந்த டாக்டராலும் கொடுக்க முடியாத வாக்கை நான் எப்படிக் கொடுப்பது?

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எடை ஏறினாலும் ஏறும்ங்க. ஏறினா இறக்குவேன். திரும்ப ஏறினா திரும்ப இறக்குவேன். மிஷின் மாட்டிப்பேன், நடப்பேன், மென்னு சாப்பிடுவேன். இது என் வேலை, உசிரு இருக்கற வரைக்கும் என் வேலை. நீங்க எண்ண வேணாம். தூங்குங்க" என்றேன்.