வெள்ளையம்மாளின் பச்சை வளையல்

என் மூத்த பேரன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். அடுத்தவன் கட்டுரைப் போட்டியில் முதலாவதாக வந்து தலைமை ஆசிரியர் கையால் பேனா வாங்கினான். சின்னப் பேத்தி மதுரையில் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். எங்கள் வகையறாவில் பஸ்ஸேறிப் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். போடிச் சந்தையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போது குரங்கணி மலை ஜீப்பிலிருந்து இறங்கிய ஒருவர், "வெள்ளையம்மா போயிருச்சு ஆத்தா. முந்தாநாளே எடுத்தாச்சு" என்றார். பேசிக்கொண்டிருந்த பெருமை பாதியிலேயே நின்றுபோயிற்று.

ஏலத்தோட்டத்தில் அவளோடு குனிந்து காயெடுத்தவர்களுக்கு அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையம்மாள் எனக்கு மதினி முறை. கல்யாணமான புதிதில் இருவரும் ஒன்றாகத்தான் மலையேறுவோம். ஏலச்செடி அடித்தூரில் காய்ப்பது. ஈரத்தில் குனிந்து தூருக்குள் கையை விட்டால் கண்ணாடி வளையல் தட்டி உடையும். உடைந்தால் புருஷனுக்கு ஆகாது என்று அவள் மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "காயெடுக்கப் போனியா, எம் மகன் ஆயுசை எடுக்கப் போனியாடி?"

ஒரு சந்தை நாளில் பச்சை குத்துகிறவள் முன்னால் போய் உட்கார்ந்தோம். அவள் கைதான் மாதிரிப் புத்தகம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தேள், மயில், தேர்க்கோலம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். தேளைக் குத்திக்கொண்டால் தேள் கொட்டாது என்றாள்.

"அப்ப எனக்கு ஒரு அட்டையைக் குத்திவிடு ஆத்தா. மலையில அதுகதான் எங்களை உறிஞ்சுதுக" என்றாள் வெள்ளையம்மாள்.

"அட்டையை எவடி கையில வச்சுக்கிருவா! எனக்குச் சோலி கிடக்கு, வெரசா ஒண்ணைச் சொல்லு."

வெள்ளையம்மாள் பின்னால் நின்ற தன் புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "வளவி போட்டுவிடு. ரெண்டு கையிலயும். இது உடையாதுல்ல?"

"நீ கட்டையில வேகுற வரைக்கும் கூட வரும்."

தாய்ப்பாலில் குழைத்த கரியைத் தொட்டுத் தொட்டு ஊசிக்கட்டு இறங்கியது. ரத்தம் கண்டதும் அழுதவர் அவள் புருஷன்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மலைக் காய்ச்சலில் போனபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை, இடுப்பில் கைப்பிள்ளை. வளையல் உடைக்க வந்த பெண்கள் கண்ணாடியை உடைத்துவிட்டு, பச்சையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். "இதைச் சுட்டுத்தான் அழிக்கணும்" என்றாள் ஒருத்தி. வெள்ளையம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினாள். "சுடு. அவரு பக்கத்துல நின்னு போட்டுவிட்ட வளவி இது. தோலோட உரிச்சுக்க."

ஒருவரும் கிட்டே வரவில்லை. அன்றைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதனால்தான் அடுத்ததை எழுதக் கூசுகிறது.

போன தை மாதம் என் மூத்த பேத்திக்குப் போடியில் கல்யாணம். பாயசத்துக்கென்று ஒரு முடிச்சு ஏலக்காயோடு வெள்ளையம்மாள் மலையிறங்கி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அவள் கையைக் காட்டி, அறுத்தவள் கையில் வளையலா என்று தங்களுக்குள் பேசியது என் காதில் விழுந்தது. தாலி கட்டும் நேரத்தில் சம்பந்தம் முறுக்கிக்கொள்ளுமோ என்று பயந்துவிட்டேன். அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "மதினி, கையை முந்தானைக்குள்ள வச்சுக்க" என்றேன்.

"சரி மதினி" என்று மூடிக்கொண்டாள். 

பந்தி நடந்தது. கையை மூடிக்கொண்டு ஒருத்தி எப்படிச் சாப்பிடுவாள்? எனக்கு அது தோன்றவேயில்லை. கடைசிப் பந்திக்கு இலை எடுத்த பிறகுதான் தேடினேன். எந்தப் பந்தியிலும் உட்காராமல் போய்விட்டிருந்தாள். சித்திரையில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சித்திரை போயிற்று. ஆடியும் போயிற்று.

செய்தி கேட்ட அன்றே அவள் ஊரான குரங்கணிக்குப் போனேன். சாம்பலையும் கரைத்துவிட்டிருந்தார்கள். மகள் பொன்னுத்தாயி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஆத்தா என்னைப் பத்தி ஏதும் சொன்னாளா?" என்று கேட்டேன்.

"அத்தை, உங்க வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைத்தான் ஆத்தா சொல்லிச் சொல்லி மாஞ்சு போகும். மதினி பக்கத்துல நின்னு பரிமாறுனா, வேணாம் வேணாம்னாலும் ரெண்டு தரம் பாயசம் ஊத்துனா, எந்திரிக்கவே விடலைன்னு."

நான் பரிமாறவில்லை, பொன்னுத்தாயி. உன் ஆத்தா என் வீட்டில் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. வெறும் வயிற்றோடு மலையேறி வந்து உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. அவள் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டுதான் இனி நான் ஒவ்வொரு இலையிலும் உட்கார வேண்டும்.

பேத்தி கல்யாணப் படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், அவள் இல்லை. நீ அவளை உரித்து வைத்தவள். அடுத்த முறை மலையிறங்கும்போது பிள்ளைகளோடு புதிதாக ஒரு படம் எடுத்து எனக்குத் தபாலில் போடு, தாயி. கையை முந்தானைக்குள் வைக்காமல் மடிமேல் வைத்து எடு.