நாலு எலுமிச்சம்பழமும் சந்திராவின் முழங்காலும்

திருத்தணியில் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஜோசியரைப் பார்ப்பார்கள், அடுத்து கல்பனாவைப் பார்ப்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிற கல்பனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டி சரியில்லை என்றால் விற்பவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். அதற்காகத்தான் கூப்பிடுவார்கள், அதற்காகவே சில ஷோரூம்களில் அவளுக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். அவளுக்கு ஒரு விதி உண்டு. வீட்டில் யாருக்கு நடமாட்டம் கஷ்டமோ, அவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும்.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் பஞ்சாட்சரம் அவளை அழைத்தது மனைவி சந்திராவுக்காக. சந்திராவுக்கு முழங்கால் தேய்மானம். மழை வந்தால் அவர்கள் தெரு சேறாகிவிடும், ஆட்டோக்காரர்கள் முனையிலேயே திரும்பிவிடுவார்கள். போன ஐப்பசி முழுக்க அவள் வாசற்படி தாண்டவில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் குடும்ப வண்டி ஒன்று வந்துவிட்டால் இந்த அவஸ்தை தீரும் என்று அவர் நம்பினார்.

கிருத்திகையன்று ஷோரூம்காரரையும் ஏற்றிக்கொண்டு ஒரு புது வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். சாமி கும்பிட சந்திரா காலையிலேயே ஆட்டோவில் திருத்தணி மலைக்குப் போய்விட்டாள். அங்கேயே வண்டியைக் காட்டுவதாக ஏற்பாடு. முதலில் கே.ஜி.கண்டிகைப் பக்கம், மழையில் ஊறிய ஏரிக்கரைப் பாதை. கல்பனா வேண்டுமென்றே சேற்றில் நிறுத்தி மறுபடி கிளப்பினாள். வண்டி வழுக்காமல் ஏறி வந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள், டிக்கியைத் திறந்து பார்த்தாள், மலைப்பாதை வளைவுகளில் ஒடித்துப் பார்த்தாள். குறையே கிடைக்காதது அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"நல்ல வண்டிதான் ண்ணா" என்று வாயை விட்டாள்.

அதுதான் தப்பாகப் போயிற்று. மேலே வண்டி நின்றதும் பஞ்சாட்சரம் மஞ்சள் பையிலிருந்து மாலை, கற்பூரம், நாலு எலுமிச்சம்பழம் என்று வரிசையாக எடுத்தார். கல்பனா போன் பேசி முடிப்பதற்குள் குருக்கள் தீபாராதனை காட்டிவிட்டார், பழங்களும் டயருக்கடியில் நசுங்கிவிட்டன. இன்னும் ஷோரூமுக்குச் சொந்தமான வண்டி!

"இன்னா ண்ணா இது? அண்ணி இன்னும் ஏறவே இல்லியே!"

"இன்னிக்கி கிருத்திக ஆச்சேம்மா. நல்ல நாள உட்டுட முடியுமா?"

"அதான் மாசா மாசம் வருதே!"

சந்திரா வந்தாள். வலது காலைத் தூக்கினாள், வண்டியின் உயரத்துக்கு எட்டவில்லை. இடது காலை வைத்துப் பார்த்தாள், அதுவும் எட்டவில்லை. பஞ்சாட்சரம் கை கொடுக்கப் போக, கல்பனா தடுத்தாள். தறியை விட்டுவிட்டு அவர் எத்தனை நாள் கை கொடுத்துக்கொண்டிருப்பார்? சந்திரா சிரித்துக்கொண்டே பின்வாங்கினாள்.

"வண்டி நல்லாருக்குதுங்க. நீங்க இதுல போங்க. நான் ஆட்டோலயே வந்துக்கிறேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கல்பனாவுக்கு மனசு கேட்கவில்லை.

"வேணாம் ண்ணா, இத்த உடுங்க."

"பூஜ போட்டாச்சேம்மா! முருகன் எதிர்லயே வேணாம்னு சொல்றதா?"

"அண்ணியோட முட்டி முருகனுக்குத் தெரியாதா? கோச்சிக்க மாட்டாரு."

பஞ்சாட்சரம் கோபுரத்தைப் பார்த்தார், மனைவியின் காலைப் பார்த்தார். ஷோரூம்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு ஆட்டோவில் போய் உட்கார்ந்தார். மலையில் பூஜை போட்ட வண்டி என்று சொல்லியே ஷோரூம்காரர் அந்த வாரத்திலேயே அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்பது வேறு கதை.

கல்பனா விடவில்லை. அலைந்து திரிந்து அரக்கோணத்தில் ஒரு பழைய வண்டியைப் பிடித்தாள். நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் உயரம் குறைவு. ஒரு மழைக்கு மறுநாள் அதைப் பொதட்டூர்பேட்டைச் சேற்றிலேயே ஓட்டிவந்து, வீட்டு வாசலில் நிறுத்தினாள். மஞ்சள் பை இந்த முறை சந்திராவின் கையில் இருந்தது. கணவர் கேட்டும் தரவில்லை.

முதலில் சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவைத் தானே அறைந்து சாத்தினாள்.

"மெதுவா அண்ணி! அடுத்தவங்க வண்டி!" என்று கத்தினாள் கல்பனா. கத்தினாளே தவிர, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சந்திரா கண்ணாடியை இறக்கி, பையைக் கணவரிடம் நீட்டினாள்.

"ஆங், இப்போ போயி பழத்த வைங்க."