அப்பா பெயரோடு வந்த வேலை

சபையின் சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததை இத்தனை வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். மேடையில் நின்றால் எனக்கு நா எழாது. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால் விரல் நிற்காது. ஆகையால் டைப் அடித்தே அனுப்புகிறேன்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நிலத்துக்காகவும் கூலிக்காகவும் ஊருக்கு ஊர் சண்டை. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பில் ஹையர் பாஸ் பண்ணி, வேலை தேடிச் சென்னைக்குப் போனேன். வியாசர்பாடியில் சித்தி வீடு. ஒரே அறையில் ஏழு பேர்.

ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். தம்புச் செட்டித் தெருவில் நான் ஏறாத மாடிப்படி கிடையாது. ஒரு இடத்துக்கு நாற்பது பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுவார்கள். என்னிடம் ஊர் எது என்று கேட்பார்கள். சொன்னதும் முகம் மாறும். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு நாள் கடற்கரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். ஆண்டவரே, நீர் தொந்தரவு என்று நினைத்தாலும் சரி, நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு அடுத்த மாடிப்படி ஏறினேன்.

பிறகு ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் தேர்வு. கூடம் கொள்ளாத கூட்டம். என் தாளில் ஒரு பிழை இல்லை. தேர்வானவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இடி. மற்றவர்களுக்கெல்லாம் ஆர்டர் வந்தது. எனக்கு வரவில்லை.

பொறுத்திரு என்றாள் சித்தி. நான் இருக்கவில்லை. எங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் யாரும் வயலில் நின்று வேடிக்கை பார்க்க மாட்டோம். கரையோடு மேலே நடந்து போய், எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்போம். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பாவோடு அப்படி நடந்து பழகியவள் நான். அதையே இங்கேயும் செய்தேன். அலுவலகத்தில் மேசை மேசையாகக் கேட்டேன். போலீஸ் விசாரணைக்குப் போயிருக்கிறது, பதில் வரவில்லை என்றார்கள். அப்போது எங்கள் மாவட்டத் தலைநகரம் தஞ்சாவூர்; அங்கே ரயிலேறினேன். அங்கே கேட்டால் உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். கடைசியில் எங்கள் ஸ்டேஷனில், ரைட்டர் ஏட்டையாவின் மேசையில் என் காகிதம் கிடந்தது.

காரணம் அப்பா. நான் சென்னைக்குப் புறப்படுவதற்கு முந்தின சம்பாவில், குத்தகை நிலத்தை விட்டு வெளியேறச் சொன்னார் மிராசுதார். அப்பா மறுத்தார். தடுத்தும் கேளாமல் வயலில் இறங்கி நடவு நட்டார் என்று அவர்மேல் கேஸ். ஏட்டையா கெட்டவர் இல்லை. எனக்கு வழி சொல்லத்தான் பார்த்தார்.

"அப்பாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. இன்னைக்கே மேல அனுப்பிடுறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா, "காயிதத்துல எழுதிட்டா நான் உனக்கு அப்பன் இல்லேன்னு ஆயிடுமா? போயி எழுதிக் குடும்மா" என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் ஊர் வேதக் கோயிலில் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, எனக்கு வேலையும் வேண்டும், அப்பாவும் வேண்டும், ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்காதேயும் என்று கேட்டேன். கெஞ்சவில்லை, உரிமையோடு கேட்டேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன்.

நான்காம் நாள் இன்ஸ்பெக்டரையே பார்க்கப் போனேன். பழையவர் மாற்றலாகிப் போய், புதியவர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பழையவராக இருந்தால் என்னை வாசலிலேயே விரட்டியிருப்பார். தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். காலையிலிருந்து வேப்பமரத்தடியில் நின்றேன். மத்தியானம் கூப்பிட்டார்கள். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன என்று அவரும் கேட்டார்.

"எழுத மாட்டேங்கய்யா. எங்கூர்ல ஆம்பளைங்க நாத்துப் பறிச்சுதான் குடுப்பாங்க, நடுறது பொம்பளைங்க. அந்த வயல்ல நட்டது குத்தமுன்னா, நட்டது நான்தாங்க. என் பேரையும் கேஸுல சேத்துக்குங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலையும் போயிற்று, ஜெயிலும் வந்தது என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஏட்டையாவைக் கூப்பிட்டு, தாளை எடுக்கச் சொன்னார். தகப்பன்மேல் இருப்பது நிலத் தகராறு, பெண்மேல் குற்றம் எதுவும் இல்லை, வேலை கொடுக்க ஆட்சேபணை இல்லை. அவர் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதினார். நடவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வாயைத் திறந்தவரும் ஆண்டவர், அவர் காதை அடைத்தவரும் ஆண்டவர்.

பதினைந்து நாளில் ஆர்டர் வந்தது. மறுவருடம் அப்பாவின் கேஸ் தள்ளுபடியானது. அதைச் சொல்ல அவரே சென்னைக்கு வந்தார். தோளில் சிவப்புத் துண்டு, காலில் செருப்பு இல்லை. அலுவலகத்துக்குள் வரக் கூசி வராந்தாவிலேயே நின்றார். நான் கையைப் பிடித்து நடுக்கூடத்துக்கு அழைத்து வந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "இவுங்கதான் எங்கப்பா" என்றேன். யாரோ ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்கள். அப்பா உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, பின்னாளில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றபோதுகூட இருந்ததில்லை.

வேலை தேடி அலைகிற பிள்ளைகளே, ஜெபம் பண்ணிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து போய்க் கேளுங்கள். மறுபடியும் கேளுங்கள். பெற்றவர்களை விட்டுக்கொடுத்துவிட்டு எதையும் வாங்காதீர்கள். என் அப்பாவுக்கு நாற்காலி போட வைத்தவர் உங்களையும் வெட்கப்பட விடமாட்டார்.